தெரியாத கிரகணத்துக்குத் தர்ப்பைப் புல்

பங்குனி வெயிலைத் திட்டுகிறவர்கள் வடாம் போட்டுப் பழகாதவர்கள். தை, மாசியில் பனி போகாது. சித்திரை வந்தால் தேர், வீடு கொள்ளாத விருந்தாளிகள். ஸ்ரீரங்கத்துக்காரிக்கு வடாத்துக்கென்று பெருமாள் ஒதுக்கித் தந்திருப்பது பங்குனி நடுவில் ஒரு பத்துப் பதினைந்து நாள்தான். அந்தக் கணக்கில்தான் 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, இருட்டோடு எழுந்து கூழ் கிண்டி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்து, நாழியில் பிழிந்து முடித்தேன். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்துத் தாம்பாளத்தில் பரப்பியாயிற்று. மேலே காய்ந்து, அடியில் இன்னும் மெத்தென்று இருக்கிற பதம். இரண்டாம் நாள் வெயில்தான் அதற்கு உயிர். அது தப்பினால் டப்பாவைத் திறக்கும்போது ஒரு சிக்கு வாடை வரும், பொரித்தால் சிவந்து போகும், கடித்தால் நடுவில் பல்லில் ஒட்டும்.

சனிக்கிழமை காலை அந்த இரண்டாம் நாள் வெயிலுக்குத் தடை உத்தரவு வந்தது. பிறப்பித்தது என் மாமியாரின் செல்போன்.

"இன்னிக்கு சூர்ய கிரகணமாம். ரெண்டு இருபதுக்குப் பிடிச்சு ஆறேகாலுக்கு விடறதாம். மாடியில இருக்கறதையெல்லாம் கீழ எடுத்துண்டு வந்துடு."

நேரம் சரிதான். இந்திய நேரப்படி மத்தியானம் 2.20-லிருந்து மாலை 6.13 வரை கிரகணம் இருந்தது உண்மை. எங்கே இருந்தது என்பதைத்தான் அந்த வீடியோவில் பேசியவர் சொல்லவில்லை. கிரீன்லாந்தில் இருந்தது. கனடாவின் வடகிழக்கு மூலையில் சூரியன் உதிக்கும்போதே பிறையாக உதித்தது. லண்டனில் சூரியனின் மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. நிலவின் முழு நிழல் அன்று பூமியைத் தொடவே இல்லை; மேலே எங்கோ வெற்று வெளியில் போய்விட்டது. ஓரத்து அரைநிழல் மட்டும் அட்லாண்டிக் பக்கம் படிந்தது. இந்தியாவில் ஒரு ஊரிலும் ஒரு விநாடிகூட அது தெரியாது. எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிற பஞ்சாங்கத்திலேயே அந்தக் கிரகணத்துக்கு நேரே "இந்தியாவில் தெரியாது" என்று அச்சடித்திருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தும் காட்டினேன்.

"எதுக்கும் இருக்கட்டுமே" என்றார் மாமியார்.

இந்த இரண்டு சொல்லுக்கு எதிராக வாதாடி ஜெயித்த மருமகள் தமிழ்நாட்டில் இருந்தால் அவளுக்கு நான் விழுந்து நமஸ்காரம் செய்வேன்.

மாமியாரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அன்றைய தினத்துக்குப் பயமுறுத்தும் சரக்கு எக்கச்சக்கம். அமாவாசை, அதுவும் சனிக்கிழமையில். திருக்கணிதப்படி அன்று இரவு சனிப்பெயர்ச்சி. மீனத்தில் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், ராகு, சனி என்று ஆறு கிரகங்கள் ஒன்று கூடுகின்றன என்று ஒரு மாதமாகவே யூடியூபில் அலறிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் போதாதென்று முதல் நாள் மியான்மரில் நிலநடுக்கம். பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிகிற காட்சி எல்லார் கைபேசியிலும் ஓடியது. அங்கே மண்ணுக்குள் கிடந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மனசு கனப்பதற்குள், "பார்த்தீர்களா, கிரகணம் வருமுன்னே வேலையைக் காட்டிவிட்டது" என்று அதையும் ஒரு பார்வர்டாக்கி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காரியத்தை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சனிப்பெயர்ச்சி விஷயத்திலேயே பாருங்கள். திருநள்ளாறு கோயிலில் வாக்கியப் பஞ்சாங்கம்தான் கணக்கு, எங்களுக்குப் பெயர்ச்சி 2026-ல்தான் என்று தெளிவாக அறிவித்தார்கள். சனீஸ்வரனுக்கே பேர்போன தலம் "இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது" என்றது. இங்கே பக்கத்து ஆத்து மாமி ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு எள் விளக்கேற்றத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். அன்று நாலு மணிக்குத் தில்லைநகரில் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். மாமியார் அறிவித்தது: புள்ளத்தாச்சி வாசப்படி தாண்டக் கூடாது. கத்தி, கத்திரிக்கோல், ஊசி தொடக் கூடாது. நகம் வெட்டக் கூடாது. ஜன்னல் பக்கம் போகவே கூடாது. மகள் பெங்களூரில் கணினி வேலை பார்க்கிறவள், சிரித்துக்கொண்டே, "பாட்டி, கிரகணம் கிரீன்லாந்துல. அங்க இருக்கற புள்ளத்தாச்சி பார்த்துப்பா" என்றாள். அன்று வீட்டில் நடந்த ஒரே அறிவியல் சொற்பொழிவு அது. பாட்டி கண் கலங்கிவிட்டார். கொள்ளுப் பேரனோ பேத்தியோ நல்லபடி பிறக்க வேண்டுமே என்கிற கவலை நிஜம். அந்தக் கண்ணீருக்கு முன்னால் கிரீன்லாந்தும் கனடாவும் நிற்காது. சரி, நேரத்தையாவது முன்னே மாற்றலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கே ரிசப்ஷன் பெண் சொன்னது: "இன்னைக்குக் கிரகணம்னு நிறையப் பேரு வரலைன்னு சொல்லிட்டாங்க மேடம். நீங்களும் திங்கக்கிழமை வேணா வாங்களேன்." பிறகு அவளே காலண்டரைப் பார்த்து, "இல்ல மேடம், திங்கள் ரம்ஜான் லீவு. செவ்வாய்க்கிழமை போட்டுடறேன்" என்றாள்.

அந்த ரம்ஜானுக்கும் இதே அமாவாசைதான் கணக்கு. சனிக்கிழமை அட்லாண்டிக் மேலே சூரியனை மறைத்த அதே நிலாவைத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேற்கு வானத்தில் பிறையாகத் தேடினார்கள். பிறை பார்த்ததாக அறிவிப்பு வந்தது, திங்கள் பெருநாள். கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்று அவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நமக்கும் இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் வீட்டுக்காரர் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வந்த வாத்தியாரிடமே கேட்டார்: கிரகணத் தர்ப்பணமும் உண்டா? வாத்தியார் பஞ்சபாத்திரத்தை நகர்த்திக்கொண்டே, "கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் கிரகணம் ஸ்வாமி. தெரியாத கிரகணத்துக்குத் தீட்டும் கிடையாது, தர்ப்பணமும் கிடையாது. ஆத்துல தளிகை ஆயிடுத்துன்னா போய் சாப்பிடுங்கோ" என்றார். முடிந்தது வழக்கு. சாஸ்திரம் படித்தவர், சம்பாவனை கூடக் கிடைக்கிற காரியத்தை வேண்டாமென்று சொல்கிறார். இதைவிடப் பெரிய தீர்ப்பு எங்கே கிடைக்கும்?

வாத்தியார் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் மாமியார் சொன்னார்: "அவர் சொல்றது சரிதான். எதுக்கும் இருக்கட்டுமே."

எனக்கு எரிச்சல் வருவது பெரியவர்கள் நம்பிக்கையால் இல்லை. முறைப்படிச் செய்வதென்றால் முழுக்கச் செய்ய வேண்டும். சூரிய கிரகணத்துக்கு நாலு யாமம் முன்னாலேயே சாப்பாடு கூடாது என்பது விதி. அதாவது பன்னிரண்டு மணி நேரம். விடிகாலை 2.20-லிருந்து பட்டினி. ஆனால் இந்த ஆத்தில் காலை ஆறுக்கு ஒரு காப்பி, எட்டுக்கு இன்னொரு காப்பி எல்லாம் இறங்கியாயிற்று. விதியில் காப்பிக்கு இடம் ஒதுக்கினவர்கள் வடாத்துக்கு ஒதுக்க மாட்டார்களாம்.

ஆகவே தர்ப்பணம் முடித்து, காக்காய்க்குச் சாதம் வைத்து, வாழைக்காய்க் கரமதும் சாத்தமுதுமாக இலை போட்டு, ஒன்றரைக்குள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரம் கவிழ்த்து, இரண்டு மணிக்கு நான் தர்ப்பைக் கட்டோடு சமையலறையைச் சுற்றினேன். பாலில் ஒன்று. தயிரில் ஒன்று. தண்ணீர்க் குடத்தில், மாவடு ஜாடியில், உப்பு மரவையில், நெய்யில். ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற தோசை மாவில் போட வேண்டுமா, அல்லது ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு கத்தை வைத்தால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் சேருமா என்று ஒரு சர்ச்சை எழுந்தது. மேலேயும் வைத்தேன், உள்ளேயும் போட்டேன். பிறகு மாடிக்குப் போய்த் தாம்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு இறங்கினேன். உச்சி சாய்ந்த நேரம். வெறும் காலில் தளம் சுட்டது. வடாம் காய்வதற்கென்றே அடித்த வெயில் அது.

அப்போதுதான் பாத்திரம் தேய்க்கிற பெண் வந்தாள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவள். கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே, "ஏம்மா, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்றாள். கிரகணம் என்றேன். திரும்பி வானத்தைப் பார்த்தாள், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு. "வெயிலு இந்தப் போடு போடுது, கிரகணங்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் சாத்தியிருந்தது.

நாலு மணி நேரம். கதவு, ஜன்னல் சாத்திய பங்குனி மத்தியானம். பாட்டி ஜபம் செய்தார், நடுநடுவே தூங்கினார். என் வீட்டுக்காரர் ஃபேனுக்கு நேர் கீழே படுத்து, "கிரகண காலத்தில் செய்ய வேண்டியவை" என்பதை மூன்று குழுக்களுக்கு அனுப்பினார். மகள் அறைக்குள்ளிருந்து லண்டன் தோழி அனுப்பிய படத்தைக் காட்டினாள்: ஓரத்தில் கடித்த சூரியன். எங்கள் முற்றத்தில் முழுச் சூரியன், ஒரு மூளி இல்லாமல், துளசி மாடத்தைத் தாண்டித் திண்ணை வரைக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது. ஆறே காலுக்கு மோட்சம். அதாவது கிரகணத்துக்கு மோட்சம். எனக்கு வேலை ஆரம்பம். வீடு முழுக்கத் துடைத்து, பாட்டிக்கு வெந்நீர் விளாவி, எல்லாரும் ஸ்நானம் செய்து, நானும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு அமாவாசைப் பலகாரத்துக்கு அரிசி உப்புமா கிளறினேன். வடாத்துக்கு அடுத்த நாள்தான் வெயில் கிடைத்தது. ஒரு ராத்திரி அடுக்கில் கிடந்து புழுங்கியதில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. பொரித்துப் பார்த்தேன், சிவக்கிறது.

இப்போது 2019-க்கு வருகிறேன். ஏனென்றால் என் நிஜமான ஆதங்கம் அங்கேதான் இருக்கிறது.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை, மார்கழி அமாவாசை. அன்று வந்த வளைய சூரிய கிரகணத்தின் பாதை கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் என்று வந்து நம் திருச்சிக்கு மேலேயே போனது. காலை எட்டு மணிக்குப் பிறகு பிடித்து, ஒன்பதரை வாக்கில் ஓரிரு நிமிடம் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மறைவு. இதைப் பார்க்கச் சிலர் விமானம் ஏறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். விமான நிலையத்துப் பக்கம் இருக்கிற கோளரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்கள். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் அன்று சாயங்காலம் திருநெடுந்தாண்டகம், மறுநாள் பகல்பத்து ஆரம்பம்; வெளியூர்க் கூட்டம் வேறு. அப்படிப்பட்ட காலையில் எங்கள் வீதியில் ஒரு குருவி நடமாட்டம் இல்லை. எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது.

மாமனார் அப்போது இருந்தார். பார்க்கக் கூடாது என்றால் பார்க்கக் கூடாதுதான். டி.வி.யில் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார். தலைக்கு மேலே நடப்பதை டி.வி.யில் பார்த்தோம். நடுவில் அந்தச் சேனலில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிற்க வைத்துக் காட்டினார்கள். கிரகணம் விடும் வரை நிற்குமாம். எங்கள் ஆத்து உலக்கைக்கு அடி சமமாகச் சீவியிருக்கும். ஆடி, ஐப்பசி எந்த நாளில் வைத்தாலும் நிற்கும், யாராவது தட்டிவிடுகிற வரைக்கும்.

அன்று எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அடுக்களை வாசலிலிருந்து முற்றம் தெரியும். ஒன்பதரை சுமாருக்கு வெயில் ஒரு மாதிரி மங்கி, நிழலின் ஓரங்கள் மட்டும் கூர்மையாகி, பவழமல்லி இலை இடுக்கு வழியே தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் அத்தனையும் வளையமாகிவிட்டன. முற்றம் முழுக்க யாரோ வளையல்களைக் கொட்டி வைத்த மாதிரி. இலையின் ஒவ்வொரு சின்ன இடைவெளியும் ஒரு ஊசித்துளைக் கேமரா. அது எப்போதும் சூரியனின் படத்தைத்தான் தரையில் போடுகிறது, மற்ற நாளில் முழு வட்டம் என்பதால் நாம் கவனிப்பதில்லை. கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லாமல், சூரியனைப் பார்க்காமலே கிரகணம் பார்க்கலாம். மாமனாரைக் கூப்பிட்டேன், வரவில்லை. மகள் அப்போது கல்லூரி விடுமுறையில் இருந்தாள். அவளையாவது கூப்பிடலாமென்றால், அவள் அறை ஜன்னலையும் சாத்தித் திரை போட்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் வளையங்கள் ஒருபக்கம் திறந்து பிறைகளாயின.

மறுபடி தமிழ்நாட்டில் வளைய கிரகணம் 2031 மே 21-ல்தான். அதன் பாதை மதுரைப் பக்கம். திருச்சிக்குப் பகுதி கிரகணமாகத்தான் வரும். மாமனார் இப்போது இல்லை. பவழமல்லியும் இல்லை.

ஆக, தலைக்கு மேலே வந்த கிரகணத்துக்கும் கதவைச் சாத்தினோம், வராத கிரகணத்துக்கும் சாத்தினோம். இதில் சம்பிரதாயம் எங்கே இருக்கிறது? பயம் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் யாரோ பார்வைக் கணக்குக்காகக் கிளப்பிவிட்ட பயம்.

நம்மவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆரியபட்டர் பொ.ஆ. 499-லேயே கிரகணம் நிழல் விவகாரம் என்று எழுதிவைத்துவிட்டார். 1825-ல் ஜான் வாரன் என்கிற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பார்த்தார். அந்த மனிதர் காகிதம், பேனா எதுவும் தொடவில்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, வாக்கியங்களாக மனப்பாடம் செய்த எண்களை வாயால் சொல்லிக்கொண்டே, அந்த வருஷம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கம் நாலு நிமிட வித்தியாசத்தில் வந்தது. முடிவில் கொஞ்சம் கூடுதலாகவே பிசகியது. இருக்கட்டும், வெறும் சோழியில்! வாக்கியப் பஞ்சாங்கம் என்றால் அந்தப் பரம்பரை. அந்தப் பஞ்சாங்கம் ஆணியில் தொங்கிக்கொண்டு "தெரியாது, தெரியாது" என்று சொல்கிறது. அதன் கீழே உட்கார்ந்து நாம் தெரியாத யாரோ ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு ஃபிரிட்ஜில் புல் வைக்கிறோம்.

இதில் ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "எதுக்கும் இருக்கட்டுமே" என்று சொல்பவருக்கு அது ஒரு நிமிடத்துக் காரியம். அந்த "எதுக்கும்" என்பதற்குள் இருக்கிற கழுவல், துடைப்பு, வெந்நீர், இரண்டாவது சமையல், தள்ளிப்போன டாக்டர் எல்லாம் இன்னொருத்தி தலையில் விடிகிறது. அடுத்த முறை பார்வர்ட் அனுப்புகிற விரல் ஒரு விளக்குமாற்றையும் பிடிக்கட்டும். பாதி கிரகணங்கள் அத்தோடு விட்டுப்போகும்.

2025-ல் அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வந்தன. செப்டம்பர் 7 ஞாயிறு இரவு சந்திர கிரகணம். இது நிஜமாகவே நமக்கு. 9.57-க்குப் பிடித்து, பதினொரு மணியிலிருந்து முழு நிலவும் செம்பு நிறமாகி, 1.26-க்கு விட்டது. அப்படி நமக்குத் தெரிகிற சந்திர கிரகணம் வந்தால் தீட்டு பார்க்கிறவர்கள் தாராளமாகப் பாருங்கள், வெறும் கண்ணால் நிலாவையும் ஒரு தடவை பாருங்கள். அடுத்தது செப்டம்பர் 21, மகாளய அமாவாசை. அன்று சூரிய கிரகணம். மகாளயத்தில் கிரகணமா என்று கேட்டால் எந்த வீட்டுப் பெரியவருக்கும் வயிறு கலங்கும். அவர்களிடம் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டியிருந்தால் போதும். அது நியூசிலாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் வந்த கிரகணம். ஆரம்பித்தது நம் நேரப்படி இரவு 10.59-க்கு. அப்போது திருச்சியில் சூரியன் அஸ்தமித்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.